தலைகுனிந்து பார்த்த தொண்டர்: கனு காந்தி

1881-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் ஸ்ரீராமகிருஷ்ணர், இல்லறச் சீடரான சுரேந்திரநாத் மித்ரருடன் கல்கத்தாவின் ராதாபஜார் பகுதியிலிருந்த புகைப்பட நிலையம் ஒன்றிற்குச் சென்றார். படம் எடுக்கும் முறையை ஒரு குழந்தையின் ஆவலோடு கேட்டறிந்தார். வெறும் கண்ணாடியில் உருவம் தங்குவதில்லை என்றும், மருந்து பூசிய கண்ணாடியில்தான் அது பதிந்து நிலைக்கிறது என்றும் அங்கு அவருக்கு விளக்கினார்கள். அதைப் பின்னர் அவர் ஆன்மீக வாழ்க்கைக்கு உவமையாகக் கையாண்டார். பக்தி என்னும் மருந்து பூசப்படாத மனத்தில் எத்தனை உபதேசம் விழுந்தாலும் அது நிலைப்பதில்லை என்று அன்பர்களுக்கு உணர்த்தினார்.

உபதேசம் கேட்பவரைப் பற்றிய இந்த உவமை, படம் எடுப்பவருக்கும் பொருந்தக்கூடியது. கேமரா தன் முன் இருப்பதைப் பதிவு செய்கிறது. அந்தக் கேமராவைப் பிடித்திருப்பவரின் மனத்தில் என்ன பூசப்பட்டிருக்கிறது? புகழாசையா, பொருளாசையா, அன்பா? எடுக்கப்படும் படத்தின் தரத்தையும், எடுப்பவருடைய வாழ்க்கையின் போக்கையும் அதுவே முடிவு செய்கிறது.

மட்டாஞ்சேரியில் எழும் கேள்வி

கேரளத்தின் கொச்சி நகரைச் சேர்ந்த மட்டாஞ்சேரிக்குச் சென்றவர்கள் இந்தக் கேள்வியின் கூர்மையை நன்கு உணர்வார்கள். போர்ச்சுகீசியர் கட்டி 1555-இல் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனை அங்கே இருக்கிறது. அந்த வளாகத்திலேயே பகவதி கோயில் உள்ளது. சற்றுத் தள்ளி, 1568-இல் எழுந்த யூதர்களின் வழிபாட்டு ஆலயம் நிற்கிறது. கொங்கணி பேசும் மக்களின் திருமலைக் கோயிலும், பள்ளிவாசல்களும், சமண ஆலயமும், தேவாலயங்களும் நடந்தே சென்று வழிபடக்கூடிய தொலைவில் உள்ளன. பல மொழிகள் பேசும் சமூகங்கள் அங்கே பல தலைமுறைகளாகச் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்து வருகின்றன.

2012-ஆம் ஆண்டு முதல் கொச்சியில் கலைவிழாக்களும் நடைபெற்று வருவதால், அந்தக் குறுகிய வீதிகளுக்குக் கேமரா ஏந்தி வருவோர் பெருகிவிட்டனர். வாசற்படியில் அமர்ந்திருக்கும் முதியவரும், மூட்டை சுமக்கும் தொழிலாளியும், தொழுகைக்கோ பூஜைக்கோ விரைந்து செல்பவரும் நொடிப்பொழுதில் படமாகிவிடுகிறார்கள். ஒரு மனிதரின் உருவத்தை எடுத்துச் செல்லும் உரிமை நமக்கு எப்படிக் கிடைக்கிறது? அவருடைய வாழ்க்கையில் நமக்கு ஏதேனும் பங்கு உண்டா?

அந்த மட்டாஞ்சேரியில் குஜராத்தி வீதி என்று ஒரு வீதி உண்டு. கட்ச், சௌராஷ்டிரப் பகுதிகளிலிருந்து கடல்வழியே வணிகத்திற்கு வந்தவர்கள் நிலைகொண்ட இடம் அது. அதே சௌராஷ்டிர மண்ணிலிருந்து வந்த ஒருவர், மேற்சொன்ன கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடையளித்திருக்கிறார். அவர்தாம் கனு காந்தி.

ஆசிரமத்தில் வளர்ந்த பிள்ளை

கனு காந்தி 1917-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை நாரணதாஸ் காந்தி. மகாத்மா காந்தியடிகளுக்கு அண்ணன் மகன் முறை. 1930-இல் காந்தியடிகள் தண்டி யாத்திரைக்குப் புறப்பட்டபோது சபர்மதி ஆசிரமத்தின் நிர்வாகப் பொறுப்பைச் சுமந்தவர் அவர். எனவே கனு, காந்தியடிகளுக்குப் பேரன் முறை ஆகிறார். கடற்கரையில் காந்தியடிகளின் கைத்தடியைப் பற்றி இழுத்தவாறு முன்னே ஓடும் சிறுவனின் படம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சிறுவனின் பெயரும் கனுதான். ஆனால் அவர் காந்தியடிகளின் மகன் ராமதாஸின் புதல்வர். நாம் இங்கே காண்பவர் வேறொருவர்.

ஆசிரமத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேலையும் வழிபாடும் வெவ்வேறல்ல. விடியுமுன் எழுந்து பிரார்த்தனை, பிறகு நூற்றல், துப்புரவு, சமையற்கூடப் பணி, நோயாளிகளுக்குப் பணிவிடை என்று நாள் நகரும். வாய்மை, அகிம்சை, திருடாமை, பொருள் சேர்க்காமை, உடலுழைப்பு, எல்லாச் சமயங்களையும் சமமாகப் போற்றுதல் முதலிய பதினொரு விரதங்கள் அந்த வாழ்க்கைக்கு அடித்தளமாக இருந்தன.

1936-இல் காந்தியடிகள் வார்தாவுக்கு அருகிலுள்ள சேகாம் என்னும் சிற்றூரில் குடியேறினார். பின்னர் சேவாகிராமம் என்று பெயர் பெற்ற ஊர் அதுவே. அங்கே இளைஞரான கனு, காந்தியடிகளின் அலுவலகப் பணிகளில் சேர்ந்தார். நாள்தோறும் குவியும் கடிதங்களைக் கவனிப்பதும் கணக்கு எழுதுவதும் அவருடைய வேலைகள். பிரார்த்தனைக் கூட்டங்களில் ராமநாம சங்கீர்த்தனத்தை முன்னின்று பாடுபவரும் அவரே. கேமரா கைக்கு வருவதற்கு முன்பே இறைநாமம் அவருடைய நாவில் பழகியிருந்தது.

மூன்று நிபந்தனைகள்

1930-களின் பிற்பகுதியில் கனுவுக்குப் புகைப்படக்கலையில் நாட்டம் பிறந்தது. காந்தியடிகளின் அன்றாட வாழ்க்கையைப் படம் பிடிக்க விரும்பினார். ஆனால் ஆசிரமத்தின் பணம் மக்கள் தந்த பணம். அதில் கேமரா வாங்குவதற்கு இடமில்லை. கனுவின் ஆவலை அறிந்த தொழிலதிபர் கன்ஷியாம்தாஸ் பிர்லா 100 ரூபாய் அன்பளிப்பாகத் தந்தார். அதைக்கொண்டு ரோலிஃப்ளெக்ஸ் வகைக் கேமரா ஒன்றையும் பிலிம் சுருளையும் கனு வாங்கினார்.

காந்தியடிகள் அனுமதி அளித்தார். கூடவே மூன்று நிபந்தனைகளையும் விதித்தார். பளிச்சிடும் செயற்கை வெளிச்சத்தைப் பயன்படுத்தக்கூடாது. படத்திற்காகத் தம்மை நிற்கவோ திரும்பவோ சொல்லக்கூடாது. படம் எடுக்கும் செலவை ஆசிரமம் ஏற்காது.

இவை வெளிப்பார்வைக்குத் தொழில் சார்ந்த கட்டுப்பாடுகளாகத் தோன்றலாம். ஆசிரம விரதங்களோடு சேர்த்துப் பார்த்தால் இவற்றின் ஆழம் விளங்கும். பிறர் கண்ணைக் கூசச்செய்து ஒரு படத்தைப் பெறுவதும் நுட்பமான இம்சையே. எனவே முதல் நிபந்தனை அகிம்சை. நிகழாத ஒன்றை நிகழ்ந்ததுபோல் காட்டச் சொல்வது பொய். எனவே இரண்டாவது நிபந்தனை வாய்மை. தன் விருப்பத்திற்காகப் பொதுப்பணத்தைத் தொடுவது திருட்டுக்கு ஒப்பானது. எனவே மூன்றாவது நிபந்தனை திருடாமை. கனு காந்தியின் கையிலிருந்த கேமரா, இவ்வாறு விரதம் பூண்ட பிறகே தன் வேலையைத் தொடங்கியது.

பிலிம் வாங்கவும் படம் அச்சிடவும் ஆன செலவை, படங்களை இதழ்களுக்கு அளித்துக் கிடைத்த தொகையைக்கொண்டு அவர் ஈடு செய்தார். பத்திரிகைத் துறையைச் சேர்ந்த அன்பர் ஒருவரின் மாத உதவியும் பிற்பாடு கிடைத்தது. ஒரு சுருளில் 12 படங்களே எடுக்க முடியும். ஆகவே ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் இது தேவைதானா என்று சிந்திக்க வேண்டியிருந்தது. வறுமையும் அவருக்கு நல்லாசிரியராக அமைந்தது.

குடிசையின் அரையிருளில்

அந்தக் கேமராவைப் பற்றியும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அது முகத்தின் முன் தூக்கிப் பிடிக்கும் கருவியன்று. வயிற்றுக்கும் மார்புக்கும் இடையே ஏந்திக்கொண்டு, மேற்புறத்திலுள்ள கண்ணாடியில் விழும் உருவத்தைத் தலைகுனிந்து பார்க்க வேண்டும். எனவே எடுப்பவரின் முகம் கருவிக்குப் பின்னால் மறைவதில்லை. எடுக்கப்படுபவரை நோக்கி ஆயுதம்போல் எதுவும் நீட்டப்படுவதில்லை. காந்தியடிகள் தரையில் பாய்மீது அமர்ந்தே வேலை செய்பவர். அவரைப் படமெடுக்கக் கனுவும் தரையில் அமர்ந்தார். தலைகுனிந்து பார்ப்பது அந்தக் கருவிக்குத் தேவையான பழக்கம். கனுவிடம் அது மனத்தின் பழக்கமாகவும் இருந்தது.

சேவாகிராமத்து மண்குடிசைகளில் வெளிச்சம் குறைவு. பிலிமின் உணர்திறனும் அக்காலத்தில் குறைவுதான். செயற்கை வெளிச்சமும் கூடாது. ஆகவே சில படங்களில் கை அசைவு மங்கலாகத் தெரியும். சிலவற்றில் பாதி உருவம் இருளில் ஆழ்ந்திருக்கும். நிற்கச் சொல்ல அனுமதியில்லாததால், காந்தியடிகளைப் பின்புறமிருந்து எடுத்த படங்களும் உண்டு. ஒரு தொழிற்கலைஞர் இவற்றைக் குறைகள் என்று ஒதுக்கியிருக்கக்கூடும். அவை உண்மை தன் இயல்பில் விட்டுச்சென்ற தடங்கள் என்பதை இன்று காண்பவர் உணர்கின்றனர். தொலைபேசியில் பேசும் காந்தியடிகள், எடை பார்க்கும் கருவியில் நிற்கும் காந்தியடிகள், சாந்திநிகேதனத்தில் 1940-இல் ரவீந்திரநாத் தாகூருடன் அமர்ந்திருக்கும் காந்தியடிகள் என்று, சிலைகளில் நாம் காணாத ஒரு மனிதரை இப்படங்கள் நமக்குத் தருகின்றன.

காந்தியடிகளைக் காண உலகப்புகழ் பெற்ற புகைப்படக்காரர்கள் பலர் வந்தனர். அமெரிக்காவின் மார்கரெட் போர்க்-வைட் 1946-இல் பூனாவில் அவர் ராட்டையருகே இருப்பதைப் படமெடுக்க வந்தபோது, முதலில் நூற்கக் கற்றுக்கொள்ளுமாறு அவரிடம் சொல்லப்பட்டது. அதன் பின்னரே, மிகச் சில மின்வெளிச்சங்களுக்கு மட்டும் அனுமதியுடன் அவர் உள்ளே சென்றார். அவர் எடுத்த படம் உலகெங்கும் பரவியது. அது சிறந்த படமே. ஆனால் அவர் விருந்தினராக வந்து சென்றவர். கனுவோ அதே ராட்டையை நாள்தோறும் சுற்றியவர். அதே பந்தியில் உண்டவர். அவருக்கு மட்டும் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கதவு திறந்திருந்ததற்கு, அவர் அந்த வாழ்க்கையின் உள்ளே இருந்ததே காரணம்.

மக்கள்மீது கொண்ட அன்பு

கனுவின் படங்களுள் மனத்தை உருக்கும் ஒன்று 1940-ஐ ஒட்டி எடுக்கப்பட்டது. பர்ச்சுரே சாஸ்திரி என்னும் வடமொழி அறிஞர் தொழுநோயால் பாதிக்கப்பட்டுச் சேவாகிராமத்தில் அடைக்கலம் புகுந்தார். தொழுநோயாளரைக் கண்டாலே விலகி ஓடிய காலம் அது. காந்தியடிகள் அவருக்கென்று குடிசை அமைத்து, தம் கையாலேயே அவருடைய உடலை நீவிவிட்டார். அந்தக் காட்சியைக் கனு படமாக்கினார். அதில் நோயின் கோரத்தைக் காட்டி இரக்கத்தைப் பிழியும் எண்ணம் இல்லை. தொண்டின் பெருமையை விளம்பரப்படுத்தும் எண்ணமும் இல்லை. ஒருவர் மற்றொருவருக்குப் பணிவிடை செய்கிறார், அவ்வளவே. நோயுற்றவரின் மானம் அங்கே முழுமையாகக் காக்கப்பட்டிருக்கிறது.

1945, 1946-ஆம் ஆண்டுகளில் காந்தியடிகள் வங்காளம், அசாம், தென்னிந்தியா ஆகிய பகுதிகளில் நீண்ட ரயில் பயணம் மேற்கொண்டு ஹரிஜன நிதி திரட்டினார். 1946 பிப்ரவரியில் அவர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் பழனியிலும் வழிபட்டது அப்பயணத்தின்போதுதான். மதுரைக் கோயில் 1939-இல் அனைவருக்கும் திறக்கப்பட்ட பிறகே அவர் அதனுள் காலடி வைத்தார். அந்த நீண்ட பயணத்தில் கனு எடுத்த படங்களில் ரயில் பெட்டியின் சன்னலிலிருந்து காந்தியடிகளின் கை நீள்கிறது. கீழேயிருந்து எண்ணற்ற கைகள் காசுடன் உயர்கின்றன. ஏழைகளின் அந்தக் கைகளே படத்தின் உயிர். தலைவரை நேசித்த கனுவின் கண், அவரைத் தேடி வந்த மக்களையும் அதே அன்புடன் கண்டது.

கேமரா விலகி நின்ற வேளை

அனுமதி இருந்தது என்பதற்காக எல்லா வேளையும் படமெடுக்கும் வேளையாகிவிடவில்லை. 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள், பூனாவிலுள்ள ஆகாகான் மாளிகைச் சிறையில் அன்னை கஸ்தூரபா இறுதி மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பணிவிடை செய்ய அனுமதிக்கப்பட்டவர்களில் கனுவும் ஒருவர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த கணவரின் மடியில் அந்த உயிர் பிரிந்துகொண்டிருந்தது. அக்காட்சியைப் படமெடுக்கக் காந்தியடிகள் இசையவில்லை. கனு அதற்குப் பணிந்தார். பின்னர், அன்னையின் உடலுக்கு எதிரே காந்தியடிகள் மௌனமாக அமர்ந்திருப்பதை மட்டுமே அவர் பதிவு செய்தார்.

எடுக்கப்படாத அந்தப் படத்தைப் பற்றி நாம் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். வரலாற்றுக்கு அது ஓர் இழப்பு என்று வாதிடலாம். ஆயினும் ஓர் உயிர் பிரியும் நேரம் அதற்கு மட்டுமே உரியது. கனுவுக்குத் தாயின் இடத்தில் இருந்தவர் அவர். அவ்வேளையில் கனு அங்கிருந்தது பணிவிடைக்காக, படத்திற்காக அன்று.

நவகாளிச் சோதனை

ஆசிரமத்துக்குச் சிறுமியாக வந்து வளர்ந்த வங்காளப் பெண் ஆபா சட்டர்ஜியை, 1940-களின் நடுப்பகுதியில் காந்தியடிகளின் ஆசியுடன் கனு மணந்தார். இல்லறம் தொடங்கிய சிறிது காலத்திலேயே பெரும் சோதனை வந்தது. 1946 அக்டோபரில் கிழக்கு வங்காளத்தின் நவகாளி மாவட்டத்தில் மதக்கலவரம் மூண்டது. இன்று அப்பகுதி வங்காளதேசத்தில் உள்ளது. நவம்பரில் காந்தியடிகள் அங்கே சென்று சேர்ந்தார். தம்முடன் வந்த தொண்டர்களைத் தம்மிடமிருந்து பிரித்து, கலவரம் பாதித்த கிராமங்களில் தனித்தனியே தங்கச் செய்தார். அச்சத்தில் உறைந்திருந்த சிறுபான்மை மக்களுக்குத் தம் உயிரையே பிணையாக வைத்து, இரு சமூகத்தாரிடையே நம்பிக்கையை மீண்டும் வளர்ப்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. கனுவும் அவ்வாறு ஒரு கிராமத்தில் அமர்த்தப்பட்டார்.

புகைப்படக்காரர் என்ற நிலையில் நோக்கினால் இது எத்தகைய தியாகம்! காந்தியடிகளின் வாழ்க்கையிலேயே மிகக் கடுமையான யாத்திரை அப்போது நிகழ்ந்துகொண்டிருந்தது. 1947-இன் தொடக்கத்தில் அவர் வெறுங்காலுடன் ஊர் ஊராக நடந்தார். எந்தப் புகைப்படக்காரரும் அந்த வேளையில் அவரை விட்டு அகல விரும்பமாட்டார். கனுவுக்கோ அவரிடமிருந்து விலகியிருந்து ஓர் ஊருக்குக் காவலாக நிற்பதே கடமையாக விதிக்கப்பட்டது. அதை அவர் ஏற்றார். சுற்றியிருந்த மக்களின் துயரமும் அச்சமும் படத்திற்கான பொருளாக அன்றி, தாம் ஏற்றுக்கொண்ட பொறுப்பாகவே அவர் முன் இருந்தன.

1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் மாலை, டில்லி பிர்லா மாளிகையில் பிரார்த்தனைக்கு நடந்து சென்ற காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு இருபுறமும் ஊன்றுகோலாக நடந்தவர்கள் மனுவும் ஆபாவும். ஆபாவின் கணவர் கனு அன்று டில்லியில் இல்லை. நெடுந்தொலைவிலுள்ள நவகாளியில் தமக்கு இடப்பட்ட பணியில் இருந்தார். அந்த இரவிலும் மறுநாள் இறுதி ஊர்வலத்திலும் உலகின் தலைசிறந்த கேமராக்கள் டில்லியில் குழுமின. காந்தியடிகளை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் மிக அருகிலிருந்து படமெடுத்தவரின் கேமரா மட்டும் அங்கே இல்லை.

பயன் கருதாமல் செயலாற்றுக என்பது கீதையின் உபதேசம். கீதைக்குத் தாம் எழுதிய குஜராத்தி உரைக்குக் காந்தியடிகள் வைத்த பெயரும் அநாசக்தி யோகம் என்பதே. பற்றின்மை என்ற அந்தச் சொல்லின் பொருளைக் கனுவின் இந்த வாழ்க்கைப் பகுதி நமக்கு விளக்குகிறது. தாம் மிகவும் நேசித்த கலையைக் கனு வெறுக்கவில்லை. அதைக் கடமைக்கு அடுத்த இடத்தில் வைத்தார். கலையும் கடமையும் ஒரே திசையில் சென்றவரை இரண்டையும் செய்தார். அவை பிரிந்தபோது எதன்பின் செல்வது என்பதில் அவருக்கு ஐயம் இல்லை.

ராஜ்கோட்டில் தொடர்ந்த தொண்டு

பின்னாளில் கனுவும் ஆபாவும் ராஜ்கோட்டில் தங்கிப் பணியாற்றினர். தந்தை நாரணதாஸ் நடத்திவந்த ராஷ்டிரீய சாலையின் பணிகளிலும், திராம்பா கிராமத்திலுள்ள கஸ்தூரபா தாமத்தின் பணிகளிலும் தம்மை ஈடுபடுத்திக்கொண்டனர். ராஷ்டிரீய சாலை, 1939 மார்ச்சில் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்த இடம். திராம்பாவோ, அதே ஆண்டு ராஜ்கோட் சத்தியாகிரகத்தின்போது அன்னை கஸ்தூரபா காவலில் வைக்கப்பட்ட ஊர். பூனாவில் அந்த அன்னையின் படுக்கையருகே பணிவிடை செய்தவர், அவர் பெயரால் அமைந்த இடத்தில் கிராம மக்களுக்குத் தொண்டு செய்தார்.

தம்மிடமிருந்த அரிய படங்களை வைத்துப் புகழும் பொருளும் சேர்க்க அவர் முனையவில்லை. அவருடைய படங்கள் உலகெங்கும் நூல்களில் இடம்பெற்றபோதும் எடுத்தவர் யாரென்று பலருக்குத் தெரியாமலே இருந்தது. 1986-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வடநாட்டில் தலயாத்திரை சென்றுகொண்டிருந்தபோது மாரடைப்பால் அவர் இறையடி சேர்ந்தார். இறைநாமத்தில் தொடங்கிய வாழ்க்கை இறைவனை நாடிய வழியிலேயே நிறைவுற்றது. ஆபா 1995-இல் மறைந்தார். டில்லியைச் சேர்ந்த அறக்கட்டளை ஒன்று கனுவின் படங்களைத் தொகுத்து 2015-இல் நூலாக வெளியிட்ட பிறகே, அவர் ஒரு சிறந்த புகைப்படக் கலைஞர் என்பதைப் பலரும் அறிந்தனர்.

நமக்கு ஒரு பாடம்

இன்று ஏறக்குறைய ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. கோயில் திருவிழாவிலும், நோயாளியின் படுக்கையருகிலும், விபத்து நடந்த சாலையிலும் கைகள் முதலில் படமெடுக்கவே உயர்கின்றன. கனு காந்திக்கு அளிக்கப்பட்ட மூன்று நிபந்தனைகளை நாமும் மனத்தில் கொள்ளலாம். என் செயல் இவருக்குத் துன்பம் தருகிறதா? நான் காட்டுவது உண்மையா? இதற்கான விலையை வேறு யாரேனும் கொடுக்கிறார்களா? இவற்றோடு கனுவின் வாழ்க்கை தரும் நான்காவது கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: இந்த நேரத்தில் இவருக்குத் தேவை என் கேமராவா, என் கையா?

இது புகைப்படம் எடுப்பவருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. எழுதுபவர், பாடுபவர், கற்பிப்பவர், மருத்துவம் செய்பவர் என எந்தத் திறமையை இறைவன் தந்திருந்தாலும், அது பிறருக்குப் பயன்படும்போது வழிபாடாகிறது. எதிரில் இருக்கும் மனிதரிடம் இறைவனைக் கண்டு, தலைகுனிந்து தொண்டு செய்யும் மனம் நம் அனைவருக்கும் வாய்க்க எல்லாம் வல்ல பரம்பொருளின் திருவருளை வேண்டுவோம்.